அப்பாவின் கைக்குட்டையில் நான் போட்ட முடிச்சு

அப்பாவின் மறதி புனே பக்கத்துத் தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் ஊரறிந்த ரகசியம். அவர் வேலை பார்த்த ஆயுதக் கிடங்கில் எந்தப் பெட்டி எந்த ஷெட்டில் இருக்கிறது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் காய் வாங்கக் கொண்டுபோன பை மட்டும் பத்திரமாகக் காலியாகவே வீடு திரும்பும்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி. குடியரசு தின அணிவகுப்பில் எனக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளை கேன்வாஸ் ஷூ இல்லாதவர்கள் ஓரமாக நின்று கைதட்டலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார். அப்பாவிடம் நான்கு நாள் நச்சரித்தேன். நான்கு நாளும் "கல் பக்கா" என்றார். நாளை என்பதை இந்தியில் சொன்னால் நம்பிக்கை கூடும் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

ஐந்தாம் நாள், அணிவகுப்புக்கு முந்தின நாள் காலை, அம்மாவின் வழியை நான் கையிலெடுத்தேன். அம்மாவுக்கு எதுவும் மறக்கக் கூடாதென்றால் முந்தானை நுனியில் ஒரு முடிச்சு விழும். அப்பாவுக்கு முந்தானைக்கு எங்கே போவது? இஸ்திரி போட்ட கைக்குட்டையின் மூலையை இறுக்கி முடிந்து அவர் பேன்ட் பைக்குள் வைத்தேன். எதற்கு என்று அவரிடம் சொல்லவில்லை. முடிச்சே சொல்லிவிடும் என்று நம்பினேன்.

சாயங்காலம் அப்பா வந்தார். ஒரு கையில் இலையில் சுற்றிய கஜரா, மற்றதில் பேடா டப்பா. ஷூ இல்லை.

அம்மா மல்லிகைச் சரத்தை வாங்கிக்கொண்டு, "இன்னாங்க, இன்னிக்கு இன்னா விசேஷம்?" என்றாள்.

அப்பாவின் முகம் தொங்கிவிட்டது. முடிச்சுப் போட்டது அம்மா, மறந்துபோனது கல்யாண நாள் என்று அவர் முடிவுகட்டியிருந்தார். நான் அவரை வாசலுக்கு இழுத்துப்போய், "நான்தான்ப்பா போட்டேன். ஷூவுக்கு" என்று காதில் சொல்லி அழுதேன்.

அவர் என் கண்ணைத் துடைத்தார். உள்ளே எட்டிப் பார்த்து, "விசேஷம் இன்னா விசேஷம்? உனக்குப் பூ வாங்கணும்னு நானே காலையில கைக்குட்டையில முடிச்சுப் போட்டுக்கினேன்" என்றார். பிறகு என்னை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பஜாருக்கு மிதித்தார். கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். ஒரு சைஸ் பெரிய ஷூதான் கிடைத்தது. நுனியில் பேப்பர் அடைத்து, மறுநாள் முதல் வரிசையில் ராணி மாதிரி நடந்தேன்.

ஆனாலும் அப்பா சொன்ன பொய் எனக்குச் செரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் உண்மையைப் போட்டு உடைத்தேன்.

"தெரியும்டி. கைக்குட்டைன்னு ஒண்ணு இருக்கறதே அவருக்குத் தும்மல் வந்தாத்தான் ஞாபகம் வரும். அவராவது, முடிச்சுப் போடறதாவது!" என்று சிரித்தாள். பேடா ஒன்றை என் வாயில் திணித்து, "எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லிடாதே" என்றாள்.

முந்தின நாள் பூ இன்னும் அவள் தலையில் இருந்தது. ஒருவர் பொய் சொல்கிறார், இன்னொருவர் அதைத் தெரிந்துகொண்டே நம்புகிறார். இதில் இரண்டு பேருக்கும் அப்படியென்ன சந்தோஷம் என்று எனக்கு அன்று விளங்கவேயில்லை.