விரல் விட்ட கட்டு

வெள்ளைத் துணி மணிக்கட்டில் இருமுறை சுற்றி, உள்ளங்கையைக் குறுக்காகக் கடந்து, பெருவிரலையும் சுட்டுவிரலையும் தீண்டாமல் விலகி, புறங்கையில் முடிச்சாக அடங்கும். என் மதினி போடும் கட்டு அது. இலங்கையில், ருவான்வெல்லைப் பக்கத்தில் உள்ள எங்கள் ரப்பர் தோட்டத்தில் அதை 'விரல் விட்ட கட்டு' என்பார்கள். பால்வெட்டும் கத்தி வழுக்கிக் கையைக் கிழித்தவர்கள், மதினியிடம் அந்தக் கட்டைப் போட்டுக்கொண்டு மரத்தடிக்கே திரும்பிவிடுவார்கள். இரண்டு விரல்கள் வெளியே இருந்தால் கத்தி பிடிக்கலாம் அல்லவா?

மதினி என் அண்ணன் மனைவி. தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபது ஆண்டுகளாகப் புண் கழுவி, மருந்து கட்டி, கைப்பழக்கத்திலேயே தொழில் கற்றவர். நான் அங்கே கணக்கப்பிள்ளை; மாலையில் தோட்டத்துக் கோயிலில் பதிகம் பாடுபவனும் நான்தான். ஒரு நாள் வேலையைப் பதிவதை நாங்கள் பேர் போடுதல் என்போம். காயம் பட்டோ வேறு எதற்கோ நடுவில் வேலையை விட்டவருக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் கூலிதான் என்பது விதி. அதை வழுவாமல் எழுதியவன் நான்.

பதிவு பெறாத எவரும் இனிமேல் காயத்துக்கு மருந்து கட்டக் கூடாது என்று ஒரு நாள் கடிதம் வந்தது. துணைத் தாதியாகப் பதிவு பெறச் செய்முறைப் பரீட்சையில் தேற வேண்டும். இரண்டு வாய்ப்புகள், இரண்டும் தவறினால் வேலை போய்விடும்.

முதல் முறை மதினி தோற்றுத் திரும்பினார்.

"கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேங்க. கைதான் காட்டிக் குடுத்திருச்சு" என்றார். பெருவிரலின் அடியில் வெட்டுக்காயம் என்று சொல்லிக் கட்டச் சொன்னார்களாம். பழகிய கை விரல் விட்ட கட்டையே போட்டுவிட்டது. அசையக் கூடாத விரலை ஏன் வெளியே விட்டீர்கள் என்று பரீட்சை நடத்திய சிஸ்டர் சிங்களத்தில் கேட்க, "வேலைக்குப் போகணுமே, மிஸ்" என்றாராம் இவரும் சிங்களத்திலேயே.

"இருபது வருசம் கட்டுன கை, மதினி. அவங்களுக்கு மரமும் தெரியாது, கத்தியும் தெரியாது" என்றேன், ஆறுதலாக.

"கத்தி உங்களுக்கும்தான் தெரியாது, கொழுந்தனாரே. பென்சில்தானே தெரியும்" என்றார். "அவங்க சொன்னது சரிங்க. நான் கட்டி அனுப்புன கையில எத்தனை சீழ் புடிச்சு மறுபடி வந்திருக்கு!"

பரீட்சைக்காகப் பதிகம் பாடி வேண்டிக்கொள்கிறேன் என்றேன். மதினி என்னை நேராகப் பார்த்தார்.

"பாட்டு வேணாம். முழுசாக் கட்டுன கைக்கு முழுப் பேரு போடுங்க. பரீட்சைல ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரின்னு என் கை கட்டாதுங்க."

அன்று மாலைப் பூசையில் என்னால் பாட முடியவில்லை. இறைவன் திருவடியை நாவாரப் பாடிய அதே நான், புண்பட்ட கைகளைப் பென்சில் முனையால் மரத்தடிக்குத் துரத்தியிருக்கிறேன். கனிந்து உருகும் சொற்களை மனனம் செய்ததாலேயே மனமும் கனிந்துவிட்டது என்று எத்தனை காலம் நம்பியிருந்தேன்! மறுநாள் தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனேன். முதலில் மறுத்தார், நான்காம் முறை இசைந்தார். காயப்பட்டவர் புண் ஆறும்வரை ஸ்டோரில் உலர்ந்த ரப்பர் ஷீட்டுகளைத் தரம் பிரிக்கலாம்; முழுப் பேர் உண்டு.

அதன் பிறகு மதினி ஒரு கையிலும் விரலை வெளியே விடவில்லை. கெஞ்சியவர்களுக்கும், "ஒரு பரீட்சைல தோத்ததுக்கு எங்க கையில பழிவாங்குறீங்களா?" என்று கேலி செய்தவர்களுக்கும் அதே முழுக் கட்டுதான். ஏழு மாதங்களில் பழைய பழக்கம் கையை விட்டுப் போயிற்று. இரண்டாம் முறை தேறினார். பதிவு எண் வந்தது.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். சென்ற மாதம் இரத்த அழுத்த மாத்திரைக்காக டிஸ்பென்சரியில் காத்திருந்தபோது, என் இடத்துக்கு வந்த இளைய கணக்கப்பிள்ளை காலையில் மதினி கட்டிவிட்ட ஒரு பால்வெட்டும் பெண்ணை அழைத்து வந்தார். ஆள் பற்றாக்குறையாம், கட்டைக் கொஞ்சம் தளர்த்தி விரலை வெளியே விட்டால் போதுமாம். மதினி மறுக்கவில்லை. கத்தரிக்கோலையும் ஒரு தாளையும் கணக்கப்பிள்ளை முன் வைத்தார்.

"வெட்டுங்க, தம்பி. வெட்டுனது நான்தான்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. புத்தகத்துல கட்டுனதுக்குக் கீழ என் பதிவு நம்பர் இருக்கு. அவுத்ததுக்குக் கீழ உங்க பேரு இருக்கட்டும்."

அந்த இளைஞர் தாளையும் தொடவில்லை, கத்தரிக்கோலையும் தொடவில்லை. அந்தப் பெண்ணை ஸ்டோருக்குப் போகச் சொன்னார்.