சியாமளா பொறுமைசாலி அல்ல

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்குச் செய்தி வந்தது. கடைகளில் பாவிக்கும் மின்தராசுகளைத் திருத்துவது என் வேலை. அன்று ஒரு மீன்கடைத் தராசு மேசையில் கிடந்தது. கிலோவுக்கு நாலு கிராம் கூட்டிக் காட்டியது. மேலாளர் வந்து என் தோளில் கை வைத்தார். மனைவி பெட்ரோல் நிலையத்தில் வேலையில் நின்றபடியே விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றார். நான் தலையாட்டினேன். அந்த நாலு கிராமைச் சரிசெய்து, மூடியைப் போட்டு, திருகாணிகளை இறுக்கிவிட்டுத்தான் கோட்டை எடுத்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மூளையில் இரத்தக் கசிவு. சியாமளாவுக்கு வயது முப்பத்தொன்று.

பதினெட்டாம் நாள் அவளுடைய மூத்த அண்ணன் மோர்டனிலிருந்து வந்தார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருகிறவர்களின் கையில் ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்போமே, கல்வெட்டு என்று, அதற்கான தாள்களைக் கொண்டுவந்திருந்தார். அதில் ‘கணவர் புலம்பல்’ என்றொரு பகுதி உண்டு. அதைக் கணவர் எழுதுவதில்லை. பாட்டுக் கட்டத் தெரிந்த யாராவது அவருக்காகப் புலம்பிக் கொடுப்பார். என் புலம்பலை நான் அன்றுதான் முதன்முதலாக வாசித்தேன். அதில் சியாமளா பொறுமையின் வடிவம், அதிர்ந்து பேசாதவள், எதிர்ச்சொல் அறியாதவள்.

“இது ஆர் அண்ணை?” என்று கேட்டேன்.

“ஆரெண்டால்? தங்கச்சிதான்.”

“இது அவ இல்லை.”

எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார்கள், அது வழக்கம் என்றார். தன் தாயாருக்கும் இதே ஆள்தான் எழுதினாராம், நன்றாக இருந்ததாம். நான் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“செத்தவளைக் கோபக்காரி எண்டு ஆரும் அச்சடிப்பினமோ? சனம் என்ன கதைக்கும்?”

அந்தப் பக்கத்தை நானே எழுதுகிறேன் என்றேன். எழுது, ஆனால் நான் பார்த்த பிறகுதான் அச்சுக்குப் போகும் என்றார். இதுதான் அந்தப் பக்கம்.

அவளை அறிந்தவர்களே, உங்களில் அவளிடம் பேச்சு வாங்காதவர் யார்? எங்கள் ஃபாரஸ்ட் கேட் வீட்டுக் குளியலறைச் சுவரில் பூஞ்சணம் பிடித்தபோது, வீடுகளைப் பார்க்கும் கவுன்சிலிலிருந்து ஓர் ஆள் வந்தார். நீங்கள் கறி சமைப்பதால்தான் ஈரம் என்றார். இனிச் சோற்றை மூடி போட்டு அவிக்கலாமோ என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன். சியாமளா அவரைக் குளியலறைக்குள் கூட்டிப்போனாள். இதற்குள் நான் சமைப்பதில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சுவருக்குள் குழாய் ஒழுகுகிறது என்று அவர் தன் படிவத்தில் எழுதும்வரை வாசலை மறித்து நின்றாள். அவர் போன பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“நீங்கள் அவனுக்குத் தேத்தண்ணி போடப் பாத்தனீங்கள், என்ன?”

கேத்தில் கொதித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்தப் பிரஷ் கதை உங்களில் பலருக்குத் தெரியாது. டின்னிலிருந்து பீச்சும் நுரை என் தோலுக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் கழுத்து தடித்துச் சிவக்கும். “உரிச்ச கோழி மாதிரி இருக்கு” என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை சந்தையில் இருந்ததிலேயே மலிவான ஷேவிங் பிரஷ் ஒன்றும் ஒரு வட்டச் சவர்க்காரமும் வாங்கிவந்தாள். தண்ணீரில் போட்டவுடன் ஆட்டுக்கொட்டில் மணத்தது. முகத்தில் வைத்தால் தும்புக்கட்டையால் தேய்ப்பதுபோல இருந்தது. நுரையையெல்லாம் பிரஷ்ஷே குடித்துவிட, கன்னத்துக்கு வெறும் தண்ணீர்தான் வந்தது. உதிர்ந்த மயிர் உதட்டில் ஒட்டியது. பெட்டியில் இருந்த சிறிய எழுத்தை வாசித்துவிட்டு, இது பன்றி மயிர், வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிற வீட்டில் இதை வைத்திருக்கலாமா என்று கேட்டேன்.

“வேலையில பண்டி சொசேஜ் திண்ட வாய்தானே கதைக்குது?” என்றாள்.

இருந்தாலும் ஒரு சமரசம் செய்தாள். ஆர்ச்வே முருகனிடம் போகும் வெள்ளிக்கிழமைகளில் பிரஷ்ஷுக்கு விரதம். அன்று எங்கள் ஆட்கள் சவரம் செய்வதில்லை என்பதால் எனக்கு நட்டமில்லை.

புதுப் பிரஷ் அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் அவளிடம் சொல்லியிருந்தார். ஒவ்வொரு நாளும் ஊறவைத்து, நுரை எழுப்பி, அலசி, காயவிட வேண்டும். ஒரு மாதம் போனால் மயிரின் நுனிகள் இரண்டாகப் பிரிந்து மெதுமையாகும். நான் படித்தவன் அல்லவா? நனைவதும் காய்வதும்தான் வேலை செய்கிறது, அப்படியானால் முப்பது தரத்தை ஒரே நாளில் செய்யலாமே என்று கணக்குப் போட்டேன். பிரஷ்ஷை வேலைக்குக் கொண்டுபோனேன். கொதிநீரில் போட்டேன். சர்க்கிட் பலகைகளை உலர்த்தும் அடுப்பில் வைத்தேன். திரும்பவும் கொதிநீர், திரும்பவும் அடுப்பு. ஒன்பதாவது தரம் உள்ளே இருந்த பசை இளகி, மயிர்க்கட்டு முழுவதுமாகக் கழன்று கையோடு வந்தது. ஒரு பொக்கற்றில் பிடியும் மற்றதில் மயிருமாக வீட்டுக்குப் போனேன். மேசையில் வைத்த இரண்டையும் அவள் எடுத்துப் பொருத்திப் பார்த்தாள்.

“முப்பது நாள் வேலையை ஒரு நாளில முடிச்சிட்டியள். பிறகேன் தலையும் உடம்பும் வேறை வேறையா வந்திருக்கினம்?”

அடுத்த சனிக்கிழமை அதே பிரஷ் இன்னொன்று வாங்கினாள். நான் அதைத் தொடக் கூடாது என்றாள். விடிய வேலைக்குப் போகுமுன், ஒரு கோப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் அதை நிறுத்திவிட்டுத் தலை வாருவாள். பிறகு சவர்க்காரத்தில் தேய்த்து, இடது உள்ளங்கையில் வட்டம் வட்டமாகச் சுற்றுவாள். நுரை எழும்பி, படுத்து, திரும்ப எழும்பும்வரை சுற்றுவாள். அலசி, பிழிந்து, உதறி, யன்னலோரம் நிறுத்துவாள். பெட்ரோல் நிலையத்தில் காசு வாங்கிய அந்தக் கை நாள் முழுக்கச் சவர்க்காரம் மணக்கும்.

“முதல் என்ரை கையில பழகட்டும். பிறகு உங்கடை கன்னத்துக்கு வரட்டும்” என்றாள்.

நாலாவது கிழமை வேலையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடி கொண்டுவந்தேன். விளக்கின் கீழே பிடித்துப் பார்த்தவள், “பிரிஞ்சிட்டுது, வந்து பாருங்கோ” என்று கூப்பிட்டாள். ஒரு மயிரின் நுனி கவையாக இருந்தது. ஐந்தாவது கிழமை முடிவில் என்னை நாற்காலியில் இருத்தி, தன் கையாலேயே முகம் முழுக்க நுரை பூசினாள். தயிர் மாதிரித் தடிப்பான நுரை. அன்று கழுத்து சிவக்கவில்லை.

ஐந்து கிழமை. பத்து வருடத்தில் நான் அவளிடம் கண்ட பொறுமை அவ்வளவும்தான். அதையும் ஒரு மலிவுப் பிரஷ்ஷுக்குக் கொடுத்தாள். மனிதருக்கும் கொஞ்சம் கொடுக்கக் கூடாதா என்று ஒருநாள் பகிடியாகக் கேட்டேன்.

“பிரஷ் ஊறாட்டில் அது அதின்ரை பிழை இல்லை. சனம் அப்பிடியே?”

பிறகு அவளுக்குத் தலையிடி தொடங்கியது. டொக்டரின் இடத்துக்கு மூன்று தரம் போன் எடுத்தாள். நேரம் தரமாட்டோம் என்றார்கள், மூன்று தரமும் சண்டை. மரியாதையில்லாமல் பேசுகிறாள் என்று அவளுடைய கோப்பில் எழுதிவிட்டார்களாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“இனி நான் கதைக்கிறன். நீர் கொஞ்சம் பொறுமையா இரும்” என்றேன்.

அடுத்த நாள் நானே நேரில் போனேன். வரிசையில் நின்றேன். சிரித்தேன். இரண்டு தரம் நன்றி சொன்னேன். இரண்டு கிழமை தள்ளி ஓர் அப்பொயின்ட்மென்ட் தந்தார்கள். திகதி எழுதிய துண்டை என்னிடம் வாங்கிப் பார்த்தவள் சத்தம் போடவில்லை. நான் பொறுமையாக இருக்கச் சொல்லியிருந்தேனே. ஒன்பதாம் நாள் விழுந்தாள்.

முன்பே பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருப்போம் என்று சொல்ல முடியாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் சொன்னார். அதையும் தலையாட்டிக் கேட்டேன். அவள் நாலாம் தரம் தானே போயிருந்தால், டொக்டர் பார்க்கும்வரை அந்த இடத்தில் தரையில் இருந்திருப்பாள். அந்த வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள்மேல் எனக்குக் கோபம். அவர்களுக்கு நன்றி சொன்னவன்மேல் அதைவிடக் கோபம். அந்தப் பொறுமையைக் கல்வெட்டில் அவளுக்குப் பட்டமாகக் கட்டி, அதை என் வாயால் வேறு பாடவைக்க வந்தார்கள்.

முப்பத்தொரு நாள் தாடி எடுக்கக் கூடாது. ஆனாலும் விடிய எழும்பி அந்தப் பிரஷ்ஷை ஊறவைத்து, அவள் செய்ததுபோல உள்ளங்கையில் சுற்றி, அலசி, யன்னலோரம் வைத்துவந்தேன். எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்குக்கு வீடு துப்புரவாக்க வந்த அவளுடைய சித்தி அதைக் கண்டிருக்கிறார். செத்த வீட்டில் பன்றி மயிரா என்று குப்பைப் பையில் போட்டுவிட்டார். ஒன்பதாம் நாள் காலை நான் தேடியபோது குப்பை லொறி வந்து போயிருந்தது. வீடு நிறையச் சனம் இருக்க, நான் கத்தினேன். யாரைக் கேட்டு எடுத்தீர்கள், இது யாருடைய வீடு என்று கத்தினேன். சித்தி அழுதார். துக்கத்தில் பொடியனுக்கு மூளை கலங்கிவிட்டது, ஒரு பிரஷ்ஷுக்குப்போய் இந்தப் பாடா என்று யாரோ சொன்னார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்னும் கேட்கவில்லை.

வாழ்க்கையில் அன்றுதான் நான் முதன்முதலாக ஒருவரின் முகத்துக்கு நேரே கோபப்பட்டேன். சியாமளாவின் சேலைகளைச் சித்திமார் பிரித்துக்கொண்டார்கள். நகைகள் அண்ணையிடம் இருக்கின்றன. எனக்கு மிஞ்சியது அந்தக் கோபம் ஒன்றுதான். அதை வைத்திருக்கப் போகிறேன்.

இந்தப் பக்கத்தை இப்போது நானே அச்சகத்துக்குக் கொண்டுபோகிறேன். அண்ணை இதைப் பார்க்கவில்லை. ஒரு சொல்லும் மாற்றாமல் இது வர வேண்டும். முடியாவிட்டால் கணவருக்கான பக்கம் வெறும் வெள்ளையாக வரட்டும். பாட்டுக் கட்டுகிறவரை அதில் விட வேண்டாம். அச்சுக்காரர் அண்ணைக்குச் சொல்லுவார். அண்ணை என்னைக் கூப்பிடுவார், கொஞ்சம் பொறு தம்பி, ஆறுதலாகக் கதைப்போம் என்பார். போனை நிறுத்திவிட்டேன்.