பேரிங் கூட்டின் மேல் ஒரு பொட்டு

என் சேக்காளிக்கு இடது கை ஆள்காட்டி விரலில் நகம் கிடையாது. நகம் இருக்க வேண்டிய இடமே கிடையாது. நாங்கள் கூலிக்கு வேலை பார்த்த காலத்தில் ஒரு இழைப்பு மிஷின் அதை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவன் எந்த இழைப்பு மிஷின் பக்கமும் போனதில்லை. இரண்டு பேரும் சேர்ந்து பாளையங்கோட்டையில் கதவு ஜன்னல் பட்டறை போட்ட பிறகும், பலகைகளைக் கையால்தான் இழைத்துக்கொண்டிருந்தான்.

போன வருஷம் ஒரு வீட்டுக்கு மொத்தக் கதவு வேலையும் எங்களுக்கு வந்தது. பால்காய்ச்ச நாள் குறித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்கள். கையால் இழைத்தால் அவர்கள் பேரன் கல்யாணத்துக்குத்தான் கதவு மாட்ட முடியும்.

"பழைய மிஷின் ஒண்ணு பாருலே" என்று அவனே சொன்னான். "நீ பாத்து நல்லாருக்குன்னு சொன்னா நானும் கை வைக்கேன். நீ சொல்லணும்" என்றான்.

என் வீட்டில் என்னை நம்பி அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். இவன் மிச்சமிருக்கும் விரல்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டான்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு அண்ணாச்சி பட்டறையை மூடுவதாகக் கேள்விப்பட்டுப் போனோம். சேக்காளி ரோட்டோரத்து டீக்கடையிலேயே நின்றுகொண்டான். நான் மட்டும் உள்ளே போனேன். டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, பிளேடு மாட்டிய உருளையைக் கையால் சுற்றி, காதை வைத்துக் கேட்டேன். கரகரப்பு இல்லை. மேசை மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தேன். எழுந்திருக்கும்போது என் முதுகில் கேட்ட சத்தம்தான் அன்றைக்கு அங்கே கேட்ட ஒரே கோளாறு.

"ஸ்கேனு எடுத்துப் பாக்கியளா அண்ணாச்சி?" என்றார் விற்கிறவர்.

"ரத்தம் மட்டும் எடுத்துக்கிடுதேன்" என்றேன். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கெட்ட பேச்சு என்று உறைத்தது. நல்லவேளை, சேக்காளி டீக்கடையில் இருந்தான்.

உருளையின் இரண்டு முனையையும் தாங்குவது பேரிங் கூடு. வார்ப்பிரும்பு. இடது பக்கக் கூட்டின் மேல் சந்தனமும் குங்குமமும் ஒரு தோசை கனத்துக்கு இருந்தது. எத்தனை ஆயுத பூஜை பார்த்ததோ! துணியை எடுத்து அங்கே கொண்டுபோனேன். பாதி வழியில் கை நின்றுவிட்டது. நான் வேதக்காரன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்ப் பின்வரிசையில் தூங்குகிறவன். முன்பின் தெரியாத மனிதரின் பட்டறைக்குள் புகுந்து, அவர் சாமி கும்பிட்டு வைத்த பொட்டை நான் போய் அழிப்பதா? அவர் தடுக்கவில்லை. நானாகவே துணியை மடித்து, பொட்டைச் சுற்றி நாசூக்காகத் துடைத்துவிட்டு வந்தேன்.

டீக்கடைக்கு வந்து, "நல்லாருக்குலே" என்றேன்.

குட்டியானை வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம். அந்த வெள்ளிக்கிழமை சேக்காளி சந்தனம் குழைத்து வந்து, பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு வைத்தான். "நீயும் ஒரு ஜெபம் பண்ணிருலே, ரெண்டு பக்கமும் காவல் இருக்கட்டும்" என்றான். நான் கண்ணை மூடி ஜெபித்தேன். ஒரு கண்ணை மட்டும், உள்ளதைச் சொன்னால்.

அதன் பிறகு தினமும் காலையில் அவன் பொட்டு வைத்தான், நான் வேலையில் இறங்கினேன். பிளேடுகளைச் சாணை பிடித்து வாங்கி வந்தேன். ஒன்று கனம், ஒன்று லேசு என்றால் உருளை ஆடும் என்பதால், எதிர்த்த பலசரக்குக் கடைத் தராசில் நிறுத்தேன். கடைக்காரர், "கால் கிலோ கத்தியா, அரைக் கிலோ கத்தியா?" என்று கேட்டார். பலகை வெளியே வரும் பின்மேசையில் நேரான மரச்சட்டம் ஒன்றை வைத்து, உருளையைக் கையால் பையச் சுற்றி, ஒவ்வொரு பிளேடும் சட்டத்தை ஒரே அளவு உரசும் வரை தட்டித் தட்டி மாட்டினேன். மிஷினுக்குக் கை மறைப்பு இல்லை. பலகை போகும்போது ஒதுங்கி, போனதும் தானாக மூடிக்கொள்கிற மாதிரி ஒன்றை நானே செய்தேன். அது மட்டும் எந்தக் கேலியும் இல்லாமல் செய்த வேலை.

சுவிட்சைப் போட்டு ஒரு வேப்பம்பலகையைத் தள்ளினேன். வெளியே வந்த பலகையில், ஆற்று மணலில் தண்ணீர் வரைந்துவிட்டுப் போனது போல வரி வரியாக அலை. அடி போல்ட்டை இறுக்கினேன். பெல்ட்டை மாற்றினேன். பிளேடுகளைக் கழற்றி மறுபடி மாட்டினேன். அலை போகவில்லை. மிஷினின் மேல் கை வைத்தால், காய்ச்சல்காரன் உடம்பு மாதிரி ஒரு நடுக்கம்.

சேக்காளி வாசலில் நின்றபடியே கேட்டான்: "என்னலே, அங்கன ஒரு முனகல் கேக்குது?"

"புது இடம்லா. நம்ம மூஞ்சியப் பாத்துப் பயப்படுதுபோல."

"வெளயாடாத. நல்லாருக்கா, இல்லியா?"

கதவுக்காரர்கள் காலையும் மாலையும் போன் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அலையும் மிகச் சின்ன அலைதான், மணல்தாளில் போய்விடும். பேரிங் சரி, பிளேடு சரி, மேசை சரி. பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. "நல்லாருக்கு" என்றேன்.

அவன் உள்ளே வந்தான். சட்டைக் கையை மடித்தான். "நவுரு, நான் தள்ளுதேன்" என்றான். அந்தக் குட்டை விரல் பலகையின் மேல் படிந்தது. நான் அந்தப் பக்கம் போய், வெளியே வரும் பலகையை வாங்குவதற்கு நின்றேன். என் கண்ணுக்கு நேரே அந்தப் பொட்டு.

அன்று காலையில்தான் அவன் அதைப் புதிதாக வைத்திருந்தான். மோட்டாரின் மேல் வைத்த பொட்டு காய்ந்து உதிர்ந்திருந்தது. இது உதிரவில்லை, நடுவில் நேராக ஒரு கோடு பிளந்திருந்தது. முந்தின நாள் வைத்த பொட்டிலும் அதே இடத்தில் ஒரு கோடு இருந்தது ஞாபகம் வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோடு மெல்லத் திறந்து மூடியது. குங்குமம் ஒரு சிட்டிகை மரச்சுருளின் மேல் விழுந்தது.

"கையை எடுலே!" என்று கத்திக்கொண்டே சுவிட்சில் அடித்தேன்.

உருளை நிற்பதற்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

நின்ற பிறகு நான் பொட்டைக் காட்டினேன். அவன் பார்த்தான். இரண்டு பேரும் அதைத் தொடவில்லை.

"தொடச்சுப் பாரு" என்றான்.

"நீ தொடை. உன் சாமில்லா."

"அன்னைக்கு அங்கன நீ தொடச்சே பாக்கலியா?"

"அவரு மனசு சங்கடப்படும்னு விட்டுட்டேன். இங்க வந்த பிறவு நீ என்ன நினைப்பியோன்னு…"

"நான் என்னத்த நினைக்கப் போறேன்? பழசச் சொரண்டிட்டுப் புதுசு வைக்கணும்னுதான் நானும் பாத்தேன். சொரண்டுனா, நீ வேதக்காரன்னுதான் பொட்ட எடுக்கேன்னு நினைச்சு உனக்கு ஒரு மாதிரி இருக்குமேன்னு அதுக்கு மேலயே வச்சேன்."

கேட்டால் சிரிப்பு வர வேண்டிய பேச்சு. எனக்கு வரவில்லை. அவனே துணியை நனைத்து, அழுத்தித் துடைத்தான். சந்தனத்துக்கு அடியில் பெயிண்ட். பெயிண்டுக்கு அடியில், விரிசல் அடைக்கப் பூசுகிற பட்டி. பட்டி பெயர்ந்து வந்ததும், வார்ப்பிரும்பில் கூட்டின் உச்சியிலிருந்து அடி வரை ஒரு வெடிப்பு. அந்தக் கூடு ஓட்டத்தில் பிளந்திருந்தால், பிளேடோடு உருளை எங்கே வந்திருக்கும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. அவன் நின்ற இடத்துக்குத்தான்.

விற்ற அண்ணாச்சிக்குத் தெரியுமா, அவருக்கும் முந்தியவர் செய்த வேலையா என்று தெரியவில்லை. போனில் கேட்டேன். "அப்படியா, நாங்களும் பொட்டு வச்சுத்தானே ஓட்டுனோம்" என்றார்.

சேக்காளி குழாயடியில் வெகுநேரம் கை கழுவினான்.

வெடித்ததை ஒட்ட வைக்கவில்லை. புதுக்கூடு வார்த்து வாங்கி மாட்டினோம். இப்போது பலகை கண்ணாடி மாதிரி வருகிறது. சேக்காளி பொட்டை மிஷின் காலில் வைக்கிறான். "இங்கன எதையும் மறைக்காது" என்றான். வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விடுகிறான். அதன் பிறகு அவன் மிஷினில் கை வைக்கவில்லை. நானும் 'நல்லாருக்கு' என்று சொல்லவில்லை. கதவு வேலையில் மிஷின் பங்கை நான் ஒருவனே முடித்தேன். அவன் வாசலில் உட்கார்ந்து கையால் இழைக்கிறான்.

நான் மிஷினை நிறுத்தும்போதெல்லாம் அவன் இழைக்கிற சத்தமும் நின்றுவிடுகிறது.

"ஏலே?" என்று அங்கிருந்து கூப்பிடுகிறான்.

முன்பென்றால் ஏதாவது நக்கலாகச் சொல்லியிருப்பேன்.

"இருக்கேம்லே" என்கிறேன். கையைத் தூக்கி, அவனுக்குத் தெரிகிற மாதிரி விரல்களை விரித்துக் காட்டுகிறேன். பிறகுதான் அவன் இழைக்கத் தொடங்குகிறான்.