கடைசிப் பத்தடி

என் வீட்டுக்காரரின் தங்கைக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் தற்காலிக வேலை. ஒன்பது வருஷமாகத் தற்காலிகம். மின்சார அலுவலகத்தில் ஓட்டக்காரிகளுக்கென்று ஒரே ஒரு நிரந்தர வேலை இருந்தது. ஐயாயிரம் மீட்டரில் முதலில் வருகிறவளுக்கு அது.

அதற்காக மூன்று வருஷம் தண்ணீர்த்தொட்டி மேட்டில் ஓடினாள். கீழே பம்ப் அறையிலிருந்து மேலே விளக்குக் கம்பம் வரை முழு மூச்சில் ஏற வேண்டும், நடந்து இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். பத்துத் தடவை. நானும் ஒருநாள் கூடப் போனேன். ஒரு தடவைக்கே நாக்குத் தள்ளிவிட்டது. மிச்ச ஒன்பதை உட்கார்ந்து எண்ணினேன்.

பயிற்சி கொடுத்தவர் மாஸ்டர். அவர் மகளும் கூட ஓடினாள். முன்னால் ஒருத்தி இழுத்துக்கொண்டு ஓடினால்தான் மகளுக்கு வேகம் வரும். அதற்குத்தான் என் நாத்தனார். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இந்த மனிதர் ஊட்டவில்லை, ஓடவிட்டார். அவர் பிள்ளை நன்றாகவே வளர்ந்தது.

கம்பத்துக்குப் பத்தடி இருக்கும்போது மேலேயிருந்து குரல் கொடுப்பார். "போதும்மா, விடு. அவ முதல்ல தொடட்டும். சின்னப் பொண்ணு, தைரியம் வரணும்ல." இவள் வேகத்தைக் குறைப்பாள். மகள் தொட்டுவிட்டுச் சிரிப்பாள்.

"வயிறு எரியுது அண்ணி. நாளைக்கு நிக்காம போய்த் தொட்டுடறேன்" என்று ஒருநாள் வந்து புலம்பினாள்.

நான் அடுப்பை விட்டுத் திரும்பக்கூட இல்லை. "பத்தடிதானேடி, விட்டுக்கொடு. அவரைப் பகைச்சுக்கிட்டா வேற யாரு சொல்லித் தருவா? விட்டுக்கொடுத்தவங்க கெட்டுப்போறதில்ல." பெரிய ஞானி நான்!

தேர்வு நாளில் பன்னிரண்டரைச் சுற்று. ஆரம்பத்திலிருந்து இவள்தான் முன்னால். கடைசி வளைவில் மாஸ்டர் மகள் நாலடி பின்தங்கியிருந்தாள். நான் கைதட்டத் தொடங்கிவிட்டேன். கோட்டுக்குப் பத்தடி இருக்கும்போது இவள் கால் தளர்ந்தது. களைப்பில்லை, களைத்த முகம் எனக்குத் தெரியும். மேட்டில் தளர்கிற அதே மாதிரி, மரியாதையாகத் தளர்ந்தது. மகள் தாண்டிப் போய்விட்டாள். அன்றைக்கு மாஸ்டர் வாயைத் திறக்கவேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

"நிக்கணும்னு நான் நினைக்கவே இல்ல அண்ணி. காலுதான் நின்னுச்சு" என்று அழுதாள்.

மாஸ்டர் வந்து, "கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலையேம்மா" என்று வருத்தப்பட்டார். அந்த வாயிலேயே ஒன்று வைக்கலாம் போலிருந்தது எனக்கு.

இப்போது அந்தப் பெண் மின்சார அலுவலகத்தில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாள். என் நாத்தனார் போர்வை பிழிகிறாள். காலையில் இன்னும் மேடு ஏறுகிறாள், தனியாக.

போன வாரம் நான் போய்க் கம்பத்தருகே நின்றேன். அவளுக்குப் பின்னால் ஒரு ஈ காக்கை இல்லை. "நிக்காதடி, வந்து தொடுடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். பத்தடி இருக்கும்போது வேகம் குறைந்தது. நடந்து வந்து கம்பத்தில் கை வைத்தாள்.

மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "அன்னிக்கே இப்படிக் கத்தியிருக்கலாம் அண்ணி."