பழைய தோப்பின் ஒரு கூடை மண்

விளிம்பு பிய்ந்த இடத்தில் பனைநார் சுற்றிய மூங்கில் கூடை அது. ஆடி பிறந்ததும் அக்கா அதில் சதுரங்கப்பட்டினத்துப் பழைய சவுக்குத் தோப்பின் மண்ணை அள்ளி வந்து புதுச் சவுக்கு நாற்றுப் பாத்தியில் கலப்பாள். ஏன் என்று கேட்டால், "அந்த மண்ணு இல்லாட்டி கன்னு தேறாதுடி" என்பாள். அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுவில் நான் செங்கல்பட்டில் விடுதியில் தங்கித் தாவரவியல் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சமல்ல. அந்த ஆடியில் ஒரு சனிக்கிழமை, "கலந்து வுடுடி, தண்ணி மொண்டுகினு வரேன்" என்று அக்கா போனாள். கூடையைக் கிளறினேன். சருகுக்கிடையே வெள்ளை நூல்களாகப் பூஞ்சை. பூஞ்சையால் வேர் அழுகும் என்று படித்திருந்தேன். மொத்தத்தையும் கால்வாயில் கொட்டிவிட்டுப் பாத்தியைச் சமப்படுத்தி வைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

ஆவணியில் கன்றுகள் மஞ்சளாகி நின்றுவிட்டன. ஐப்பசி மழைக்குள் நடாவிட்டால் குத்தகை நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும். அக்காவுக்கு அதைவிட்டால் வேறு நிலம் இல்லை. நிலக்காரரின் ஆள் வந்து பார்த்துச் சிரித்தான். "இன்னா அண்ணி, கன்னுக்கெல்லாம் காமாலையா?" அவன் போனபின் அக்கா தன் உள்ளங்கையையே பார்த்தாள். "என் கைதான் ராசி கெட்டுப் பூட்ச்சி போல." கால்வாயில் கொட்டிய மண் நினைவுக்கு வந்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போனேன்.

கல்லூரி நூலகத்தில் வேரழுகல் பாடத்தைத் தாண்டிப் புரட்டினேன். வகுப்பில் நடத்தாத பக்கம் ஒன்று இருந்தது. சில பூஞ்சைகள் வேரோடு ஒட்டி வாழும். வேர் எட்டாத இடத்து நீரையும் சத்தையும் அதற்குக் கொண்டுவந்து கொடுக்கும். பதிலுக்கு மரம் தன் இலையில் செய்த சர்க்கரையில் பங்கு தரும். சத்தற்ற மணலில் ஒன்றில்லாமல் மற்றது தேறுவது கடினம். கூடையில் நான் கண்ட வெள்ளை நூல்கள் இவைதான். அன்றே பஸ் ஏறினேன்.

"அக்கா, அந்த மண்ண நான் கால்வாயில கொட்டிட்டேன்."

பாத்தியோரம் குந்தியிருந்தவள் ஒரு மஞ்சள் கன்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கொட்டியிருப்பேன்டி. பட்ச்சவ நீயாச்சே." அறைந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு கூடையை என் பக்கம் தள்ளினாள். "குந்திக்கினு இருக்காத. தூக்கு."

இருட்டும்வரை தோப்பு மண் சுமந்தேன். புரட்டாசிக் கடைசியில் இரண்டு பாத்திகள் பச்சை பிடித்தன, மூன்றாவது கருகியது. நட்டது பாதி நிலம்தான். மீதிப் பாதியை நிலக்காரர் வேறொருவருக்கு விட்டுவிட்டார்.

படிப்பு முடிந்ததும் ஒரு நாற்றுப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தேன். வேலை கிடைத்த அன்று அக்கா அந்தக் கூடையைக் கொடுத்தாள். அதன் பின்னலில் தோப்பு மண் இன்னும் அப்பிக்கிடக்கிறது. நான் அதைக் கழுவுவதில்லை.