சோடாவில் கேஸ் போவதற்குள்

பால் சோடா செய்ய ஐந்து நிமிஷம் போதும். காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிஜ்ஜில் வைத்த பால், அதில் டப்பாவில் வருகிற கெட்டிப் பால் ரெண்டு ஸ்பூன், ரோஸ் சிரப் கொஞ்சம், வெனிலா எசன்ஸ் ஒரே ஒரு சொட்டு, நாலு ஐஸ் கட்டி. கடைசியில் சோடா. பாலும் சோடாவும் ரெண்டுமே ஜில்லென்று இருக்கணும், இல்லாவிட்டால் திரிந்து தொலைக்கும். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக ஊற்றினால் மேலே ரோஸ் கலரில் நுரை கட்டும். நுரை அடங்குவதற்குள் குடித்துவிட வேண்டும். ஆற அமர உட்கார்ந்து குடிக்கிற சமாச்சாரம் இல்லை இது. கேஸ் போய்விட்டால் அப்புறம் அதில் ஒன்றும் இல்லை, சிங்க்கில்தான் கொட்டணும்.

இந்த அவசரம்தான் என்னைக் கெடுத்தது என்று சொல்லிக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. சோடாவின் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நல்லவளாகிவிடலாம். ஆனால் அன்றைக்கு வாயைத் திறந்தது சோடா இல்லையே, நான்தானே.

ஆம்பூரில் நாங்கள் இருப்பது முதல் மாடி. எதிர் வாசல் ஆப்பாவுடையது. உருதுவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பத்து வயது பெரியவர். மகளைக் கட்டிக் கொடுத்து வாணியம்பாடிக்கு அனுப்பியாயிற்று, வீட்டில் அவரும் புருஷனும்தான். நான் ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்கிறவள். காலையில் தெருமுனைக்குக் கம்பெனி பஸ் வரும். ஒரு நிமிஷம் லேட் என்றாலும் நிற்க மாட்டான், போய்ட்டே இருப்பான். அதனால் எங்கள் வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிஷம் ஃபாஸ்டாகத்தான் வைத்திருப்போம். கம்பெனிக்குப் போகிற முக்கால்வாசிப் பேர் வீட்டில் இதே கதைதான்.

நோன்பு தொடங்குவதற்கு முந்தின நாள் ரெண்டு பேரும் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். “இந்த வருஷம் முப்பதும் வைக்கப் போறேன்மா” என்றார் ஆப்பா.

“வருஷா வருஷம் வைக்கிறதுதானே ஆப்பா, இதுல இன்னா புதுசு?”

“இன்னா பேசற நீ? பொம்பளைக்கு ஏது முப்பது? மாசத்துல அந்த அஞ்சாறு நாள் போய்டும். அப்புறம் தனியா வெச்சுக் கணக்கைத் தீர்க்கணும். வயசுக்கு வந்ததுலருந்து ஒரு ரம்ஜான்கூட நான் முழுசா பார்த்ததில்ல. இப்பத்தான் எல்லாம் நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சே. இந்த வாட்டி நடுவுல விடாம முப்பது.”

ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்த பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி இருந்தது அவர் முகம். எனக்கே சந்தோஷமாக இருந்தது. தினமும் கம்பெனியிலிருந்து வந்ததும் எதிர் வாசலில் நின்று “எத்தினி ஆச்சு?” என்று கேட்பேன். விரலைக் காட்டுவார்.

இருபத்து மூன்றாவது நோன்பு ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எனக்கு லீவு. அவர் புருஷன் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிறவர், ஆப்பா தினம் தனியாகத்தான் திறப்பார். “இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க, பால் சோடா போடறேன்” என்று நானேதான் கூப்பிட்டேன். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, சின்னக் கிண்ணத்தில் பேரீச்சம்பழத்தோடு வந்தார். சமையல் மேடை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன். வெயில் காலம் தொடங்கிவிட்டிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது அவருக்கு.

எங்கள் ஏரியாவில் ரெண்டு சைரன். ஒன்று பள்ளிவாசலுடையது, நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஏறி இறங்கி ஊதும். இன்னொன்று ஆற்றோரம் தோல் பதனிடுகிற டேனரியுடையது, ஏற்றமும் இல்லாமல் இறக்கமும் இல்லாமல் ஒரே சீராக ஊதும். அங்கே லீவு வெள்ளிக்கிழமை, ஞாயிறும் ஊதும். நோன்பு மாசத்தில் மட்டும் அதைக் கொஞ்சம் முன்னாடியே ஊதி ஆட்களை விட்டுவிடுவார்கள், வீட்டுக்குப் போய் நோன்பு திறக்கட்டும் என்று. இது எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமாகச் சைரனுக்கு உட்கார்ந்து சைரனுக்கு எழுந்திருக்கிறவள் நான்.

அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்த்தேன், நேரம் நெருங்கிவிட்டது. பத்து நிமிஷம் ஃபாஸ்ட் என்பது அந்த நேரத்தில் புத்தியில் உறைக்கவில்லை. சோடாவை உடைத்து ஊற்றிவிட்டேன். நுரை என்றால் அப்படி ஒரு நுரை! கிளாஸ் விளிம்பு வரைக்கும் எழும்பி நின்றது. நின்றது, மெல்ல அடங்க ஆரம்பித்தது. சைரனைக் காணோம். எனக்குப் பேஜாராகிவிட்டது. பார்த்துப் பார்த்துச் செய்தது கண்ணெதிரே வீணாகப் போகிறதே என்று கை பரபரக்கிறது.

அப்போது சைரன் ஊதியது. ஒரே சீராக.

முதல் நொடியிலேயே தெரிந்தது எனக்கு. சத்தியமாகச் சொல்கிறேன், காது சொல்லிவிட்டது. ஆனால் கண் நுரையில் இருந்தது. “ஊதிட்டாங்க ஆப்பா, குடிங்க குடிங்க, கேஸ் போய்டும்!” என்று கிளாஸை அவர் கையில் திணித்தேன். ஆப்பா கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார், என்னை ஒரு பார்வை பார்த்தார். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, முணுமுணுத்து, மடமடவென்று பாதி கிளாஸ் குடித்தார். “நல்லா இருக்கும்மா” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. ஏறி இறங்கி இன்னொரு சைரன். பின்னாலேயே தொழுகைக்கு அழைக்கிற பாங்கு.

ஆப்பாவின் கை கிளாஸோடு அப்படியே நின்றது. அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்ன சொன்னேன் தெரியுமா? “முன்னாடி ஊதினது பெரிய பள்ளிவாசல் ஆப்பா. இது நம்ம தெருவுது, எப்பவும் லேட்டுதானே.” கொஞ்சமும் வாய் கூசவில்லை. ஆப்பா “இருக்கும்” என்றார். மிச்சத்தைக் குடித்தார், கிளாஸைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் “எத்தினி ஆச்சு?” என்று நான் கேட்கவில்லை. அவரும் விரல் காட்டவில்லை. பெருநாள் அன்று பிரியாணித் தூக்கோடு வந்தார். கீழ் வீட்டம்மா, “முப்பதும் முடிச்சிட்டீங்களாமே!” என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டது. ஆப்பா சிரித்துக்கொண்டே தூக்கை என் கையில் கொடுத்தார். ஒரு பொம்பளை ஆயுசு முழுக்கக் காத்திருந்த முப்பது, அதைக் கேவலம் ஒரு நுரைக்காக உடைத்தேனே, பாவி!

உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லாதவள் வேறு என்ன செய்வாள்? பால் சோடா செய்தேன். பெருநாளுக்கு அடுத்த ஞாயிறு, மத்தியானம், மண்டை பிளக்கிற வெயில். நுரை தளும்பத் தளும்ப எடுத்துக்கொண்டு எதிர் வாசலுக்குப் போனேன்.

“இப்ப வேணாம்மா” என்றார் ஆப்பா. “ஃப்ரிஜ்ல வெய்யி, சாயங்காலம் வர்றேன்.”

“பால் சோடாவை யாராவது சாயங்காலம் வரைக்கும் வைப்பாங்களா ஆப்பா? ஒரு வாய் குடிங்க.”

“இல்லம்மா, சாயங்காலம்.”

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். அதிலும் குற்றமுள்ள நெஞ்சு வேறு. நான் செய்தது தெரிந்துபோய்த்தான் என் கையால் வாங்க மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். “வேணாம்னா வேணாம்னு சொல்லுங்களேன்!” என்று அவர் வீட்டுக்குள்ளேயே போய், அவர் சிங்க்கிலேயே கொட்டினேன். கதவைப் படாரென்று சாத்திவிட்டு வந்தேன். சாயங்காலம் இருட்டுகிற நேரத்தில் என் கதவை ரெண்டு தடவை தட்டினார். அந்தத் தட்டு எனக்குத் தெரியும். டிவி சத்தத்தை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரெண்டு மாசம் பேசவில்லை. பேசாமல் இருந்தது நான் மட்டும்தான். ஆப்பா படிக்கட்டில் பார்க்கிறபோதெல்லாம் “சாப்ட்டியா?” என்பார், நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

ஒரு ஞாயிறு கடிகாரத்தில் செல் தீர்ந்து நின்றுவிட்டது. புதுசு போட்டு, வழக்கம்போலப் பத்து நிமிஷம் முன்னால் தள்ளப் போனேன். கை ஓடவில்லை. கடிகாரத்தை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு எதிர் வாசலுக்குப் போய் நின்றேன். ஆப்பா பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்கு ஊதினது டேனரி சைரன் ஆப்பா. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் குடிக்கச் சொன்னேன். அப்புறம் பொய்யும் சொன்னேன்.”

தலையை நிமிர்த்தாமல், “தெரியும்மா” என்றார். “ரெண்டாவது ஊதினப்பவே தெரியும். நம்ம தெரு சைரனை எத்தினி வருஷமா கேக்கறேன்.”

“அப்ப அந்த நோன்பு?”

“நேரம் தப்பிப் போச்சுன்னா பதிலுக்கு ஒண்ணு வெச்சிடணும். பெருநாளுக்கு அடுத்த வாரமே வெச்சிட்டேன். நீ வந்து சிங்க்ல கொட்டிட்டுப் போனியே, அந்த ஞாயித்துக்கிழமை.”

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். “சொல்லியிருக்கலாமே ஆப்பா. திட்டியாவது இருக்கலாமே.”

“சொல்லியிருந்தா அதோட நீ எனக்கு கிளாஸை நீட்டறதை விட்டிருப்ப. உன்னை எனக்குத் தெரியாதா?” பூண்டுத் தோலை ஊதித் தள்ளினார். “சரி, எழுந்திரு. இன்னிக்கு நோன்பு இல்ல. போய்க் கலக்கி எடுத்துட்டு வா, ரெண்டு மாசமாச்சு.”

வீட்டுக்கு வந்து பாலை எடுத்தேன், சிரப்பை ஊற்றினேன். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து சோடாவை ஊற்றும்போதுதான் அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. ரெண்டு தடவை, மெதுவாக. சாயங்காலம் வர்றேன் என்றாரே, சொன்னபடியே வந்திருக்கிறார். நான் கெடுத்த நோன்பை என் கையால் வாங்கிக் குடித்தே திறக்க வந்திருக்கிறார். மூடின கதவுக்கு வெளியே பாங்கு சொல்லி முடிகிற வரைக்கும் நின்றாரோ, தனியாகத் திரும்பிப் போய்ப் பச்சைத் தண்ணீர் குடித்தாரோ, எனக்குத் தெரியாது. இன்று வரைக்கும் கேட்கவில்லை.

கிளாஸைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, நுரை பாதிக்கு இறங்கிவிட்டது.

எதிர் வாசலிலிருந்து ஆப்பாவின் குரல் கேட்டது. “இன்னாம்மா பண்ற அங்க? கேஸ் போய்டப் போவுது, கொண்டா!”