அஞ்செட்டி மலையில் நாங்கள் உட்காராத பந்தி

போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, ஓசூரிலிருந்து எங்கள் சபையார் பதினான்கு பேர் அஞ்செட்டிப் பக்கம் ஒரு மலைக்கிராமத்துக்கு அசனம் போடப் போனோம். தெற்கத்திக் கிறிஸ்தவச் சபைகளை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அசனம் என்றால் அன்னதானம் இல்லை. இருப்பவர், இல்லாதவர், எந்தச் சாதி என்று பாராமல் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. பிழைக்க ஓசூர் வந்த நாங்கள் அதை இங்கேயும் விடவில்லை.

கூப்பிட்டவர் மாதம்மா. எங்கள் தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்க்கிறார். முந்தின வருட அசனத்தில் என் பக்கத்து இலையில் சாப்பிட்டவர், “எங்க ஊர்ல மேல்தெருக்காரங்க எங்க ஊட்டுத் தண்ணிகூடத் தொடமாட்டாங்கண்ணா. நீங்க ஒருக்கா வந்து இப்படி உக்காந்தா போதும்” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வேன் வாடகை ஆறாயிரம். காலை ஆறரைக்குக் கிளம்பி, தேன்கனிக்கோட்டையில் டீ குடித்து, ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். காட்டுப்பாதையில் வேகம் கூடாது. “கண்ணாடிய ஏத்துங்க சார், கொரங்கு பைய புடுங்கிட்டுப் போயிடும்” என்றார் டிரைவர். பையில் என்ன இருந்தது என்கிறீர்களா? புளியோதரை. மலைத்தண்ணீர் வயிற்றைக் கெடுக்கும் என்று யாரோ கிளப்பிவிட, விருந்துக்குப் போகிறவர்கள் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போனோம்.

அங்கேயே சமைத்தோம். இயேசு யார் யாரோடெல்லாம் பந்தியில் உட்கார்ந்தார் என்று மைக்கில் நானே பேசினேன். ஓடி ஓடிப் பரிமாறினோம். கடைசிப் பந்தியில் நாங்களும் உட்கார வேண்டும் என்பதுதான் முறை. நாங்களோ நைசாக வேனுக்குப் பின்னால் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

தேடிக்கொண்டு மாதம்மா வந்தார். எங்களுக்கு இலை போட்டுவிட்டு, தானும் சாப்பிடாமல் காத்திருந்திருக்கிறார். எங்கள் கையையும் பொட்டலத்தையும் பார்த்தார். பின்னாலேயே வந்த அவருடைய நாத்தனார், “ஒண்ணா உக்காந்து தின்னுவாங்கன்னு தெருவெல்லாம் சொன்னியே!” என்று சிரித்தார்.

மாதம்மா விடவில்லை. வீட்டுக்கு ஓடி ஒரு தட்டில் களியும் கீரைக்குழம்பும் கொண்டுவந்து நீட்டினார். “ஒரு வாயாச்சும் சாப்புடுங்கண்ணா. எல்லாரும் பாக்கறாங்க.”

“வயிறு நிறைஞ்சிருக்கும்மா” என்றேன். சத்தியமாக நிறைந்துதான் இருந்தது.

“மேல்தெருக்காரங்களும் இதையேதாங்க சொல்லுவாங்க” என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்போதாவது அவர் பின்னால் போய் அந்த ஒரு வாயைச் சாப்பிட்டிருக்கலாம். போகவில்லை. திங்கட்கிழமை தொழிற்சாலையில் வழக்கம்போல வணக்கம் சொன்னார், ஆனால் அண்ணா என்று கூப்பிடவில்லை. “சார்” என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: பஸ் குறைவு, வேன்தான் வசதி. தண்ணீருக்கு ஒரு குறையும் இல்லை, ஊரே அதைத்தான் குடிக்கிறது. நாங்கள் கொண்டுபோன அரிசி மூட்டை, போர்வை, மைக் எதுவும் வேண்டாம். பசியோடு போங்கள்.